அந்தப் படத்தில் பெரியவள் இல்லை

போன மாதம் ஒரு கல்யாணப் பெண் தைங்மதெய்ன் தைக்கக் கொடுக்க வந்தாள். தைங்மதெய்ன் என்பது இங்கே பர்மாவில் கல்யாணத்துக்குப் போடும் மேல்சட்டை. இடுப்பு வரை வரும். முன்பக்கம் பொத்தான் மாட்டாமல் திறந்தே இருக்கும், உள்ளே மார்புக்குத் தனியாக ஒரு பட்டுத் துணி. கீழ் ஓரம் இரண்டு பக்கமும் சிறகு மாதிரி மேல்நோக்கி வளைந்து நிற்க வேண்டும். அந்த வளைவுதான் கஷ்டம். உள்ளே வைக்கிற கேன்வாஸ் கொஞ்சம் கூடினால் தகரம் மாதிரி விறைத்துக்கொள்ளும், குறைந்தால் பந்தி முடிவதற்குள் தொங்கிவிடும். ரங்கூனில் முப்பது வருஷமாகத் தைக்கிறேன். இன்னும் அந்த இடம் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் மெஷினை ஓட்டுகிறேன்.

அந்தப் பெண் போனை எடுத்து ஒரு பழைய படத்தைக் காட்டினாள். "ஆன்ட்டி, இந்த ராணி போட்டிருக்காங்களே, அதே மாதிரி கை வேணும். மணிக்கட்டுல ஒட்டுன மாதிரி."

பர்மாவில் எல்லோரும் பார்த்த படம்தான். கடைசி மன்னர் தீபோ, அவருடைய ராணி சுபயாலாட், ராணியின் தங்கை சுபயாலே. மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். 1885 நவம்பரில் எடுத்தது என்பார்கள். அதாவது, வெள்ளைக்காரன் மாண்டலே அரண்மனைக்குள் நுழைந்த அதே மாதம்.

கல்யாணப் பெண்ணோடு அவளுடைய அக்காவும் வந்திருந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. நம்மவர்கள் வீட்டில் அக்கா இருக்கத் தங்கைக்கு முந்தி நடந்தால் ஊர் என்னென்ன பேசும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவள் எட்டிப் படத்தைப் பார்த்தாள். "இவங்க அக்கா தங்கச்சியா?"

"ஆமாம்மா. மொத்தம் மூணு பேர்" என்றேன்.

"அப்போ பெரியவங்க எங்கே?"

நான் பதில் சொல்லவில்லை. ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம், கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லி முடிக்கிற விஷயமா அது? அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர்கள். பர்மிய மொழியில் ஜீ என்றால் பெரிய, லாட் என்றால் நடு, லே என்றால் சின்ன. சுபயா என்பது இளவரசிக்குரிய பட்டம். சுபயாஜீ, சுபயாலாட், சுபயாலே. பெரிய இளவரசி, நடு இளவரசி, சின்ன இளவரசி, அவ்வளவுதான். இவ்வளவு பெரிய அரண்மனையில் பிறந்தும் கூப்பிடும் பெயர் பிறந்த வரிசைதான். ரங்கூனில் கமாயூட் பகுதியில் எங்கள் பாட்டி தன் மூன்று பெண்களையும் பெரியபுள்ள, நடுப்புள்ள, சின்னப்புள்ள என்றுதான் கடைசி வரை கூப்பிட்டார். நடுப்புள்ளதான் என் அம்மா. அதனாலோ என்னவோ, இந்த மூன்று ராணிகளின் கதையை எங்கே கேட்டாலும் என் காது அங்கே நின்றுவிடும்.

மூவருக்கும் தாய் சின்பியூமஷின். வெள்ளையானைக்கு உடையவள் என்று அர்த்தம். தகப்பன் மிண்டோன் மன்னர், மாண்டலே நகரத்தை 1857-இல் உண்டாக்கியவர். மன்னருக்கு ராணிகள் பலர், பிள்ளைகளும் ஏராளம். ஆனால் சின்பியூமஷினுக்கு இருந்தது பெண்கள் மட்டும்தான், பையன் இல்லை. அரியணைக்கு ஒரு மகனை நிறுத்த முடியாத தாய், மருமகனையாவது நிறுத்தப் பார்த்தார். 1878-இல் மன்னர் படுக்கையில் விழுந்தபோது சின்பியூமஷினும் சில மந்திரிமார்களும் சேர்ந்து கண்டெடுத்த பையன்தான் தீபோ. அவரும் மிண்டோனின் மகன்தான், வேறு ராணிக்குப் பிறந்தவர். மடத்தில் பாலி மொழி படித்துத் தேர்வில் நன்றாகத் தேறியவர், சாதுவானவர், சொன்னால் கேட்பார் என்று நினைத்தார்கள். அந்தக் குலத்தில் ராஜ ரத்தம் வெளியே போகக் கூடாது என்று, தாய் வேறான அண்ணன் தங்கைகளுக்குள் கட்டிக்கொடுப்பது வழக்கம். நமக்குக் கேட்கச் சங்கடமாக இருக்கும், அங்கே அதுதான் முறை.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அடுத்த ராஜாவுக்கென்று ஓர் இளவரசியைக் கல்யாணம் பண்ணாமல் தனியாக வைத்திருப்பார்கள். அப்படி இருந்தவர் மிண்டோனுக்கு மிகவும் பிடித்த மகள், சலின் இளவரசி. தகப்பன் போனதும் அவர் மடத்துக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் முறைப்படி ராணியாக வேண்டியவள் சின்பியூமஷினின் மூத்த மகள் சுபயாஜீ.

ஆனால் தீபோவை மனசில் வைத்திருந்தவள் நடு மகள். முடிசூட்டும்போது ராஜாவின் பக்கத்தில் ஒரு ராணிக்குத்தான் புனித நீர் தெளித்து அபிஷேகம் பண்ணுவார்கள். சுபயாஜீ போய் இடத்தில் அமர்ந்ததும், சுபயாலாட்டும் போய் அக்காவின் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்துகொண்டாள். அதுவரை இல்லாத வழக்கமாக அக்கா தங்கை இரண்டு பேருக்கும் அபிஷேகம் நடந்தது.

இந்த இடத்தில்தான் நான் எப்போதும் நிற்பேன். வரலாறு சொல்கிறவர்கள் சுபயாலாட் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்ததைச் சொல்வார்கள். அப்போது அந்த அக்கா என்ன செய்தாள்? கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டிருப்பாள், வேறென்ன செய்ய முடியும்? சபை முழுக்க ஆட்கள், தாய் பார்த்துக்கொண்டிருக்கிறாள், பிராமணர்கள் சங்கை ஏந்தி நிற்கிறார்கள். அந்த நேரத்தில் ஓர் அக்காவால் தங்கையைத் தள்ளிவிட முடியாது. மூத்தவளாகப் பிறந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பாயிலோ பலகையிலோ தங்கை வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்தால், உடம்பு தானாக நகர்ந்து இடம் விடும்.

அதற்கப்புறம் சுபயாஜீ பெயருக்கு மட்டும்தான் ராணி. மன்னர் அவளோடு வாழவே இல்லை. ராஜ்யம் முழுக்கச் சுபயாலாட்டின் பேச்சுதான். பின்னால் சின்னவள் சுபயாலேயும் அதே மன்னருக்கு ராணியானாள். மூன்று சகோதரிகளும் ஒரே ஆளுக்கு. ஆனால் நடுவில் உட்கார்ந்தவள் நடுவுலவள்தான்.

1879 பிப்ரவரியில் நடந்ததை நான் பூசி மெழுகப் போவதில்லை. அரியணைக்குப் போட்டி வரக் கூடாது என்று ராஜ குடும்பத்து ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என்று எண்பது பேர் அளவுக்குக் கொன்றார்கள். தாய் சின்பியூமஷின் பெயரும் மந்திரிகள் பெயரும் சுபயாலாட் பெயரும் அதில் சேர்ந்தேதான் வரும். அப்போது சுபயாலாட்டுக்கு 19 வயது. வயதைச் சொல்லி நான் அவளுக்குப் பரிந்து பேசவில்லை. செத்தவர்களும் அவளுடைய அக்கா தங்கைகள்தான், அண்ணன் தம்பிகள்தான். தாய் வேறு என்றால் ரத்தம் இல்லை என்று ஆகிவிடுமா?

நான் பார்க்க ஆசைப்படுவது அதற்கப்புறம் நடந்ததைத்தான்.

1885 நவம்பர் 29. தீபோ சரணடைந்தார். ராஜாவையும் ராணியையும் மாட்டு வண்டியில் ஏற்றி ஐராவதி ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய், துரியா என்ற கப்பலில் ரங்கூனுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து மதராஸ். ஆமாம், நம் மதராஸ்தான். டிசம்பரில் கொண்டுபோய்ச் சில மாதங்கள் அங்கே வைத்திருந்தார்கள். சுபயாலாட் அப்போது பிள்ளைத்தாய்ச்சி. மூன்றாவது மகள் 1886 மார்ச் 7-ஆம் தேதி மதராஸில்தான் பிறந்தாள். பர்மாவின் கடைசி மன்னருடைய மகளுக்குப் பிறந்த ஊர் சென்னை என்று இங்கே தமிழ்ப் பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். அடுத்த மாதமே மேற்குக் கரையில் ரத்னகிரிக்கு மாற்றினார்கள். திரும்பி வர வழி கிடைக்கவே கூடாது என்று தேர்ந்தெடுத்த ஊர்.

அந்தக் கப்பலில் ராணியோடு போனவள் யார்? சின்னவள், சுபயாலே. தாய் சின்பியூமஷினையும் பெரியவள் சுபயாஜீயையும் பிரித்து, தெற்கே தவாய் என்ற ஊருக்கு அனுப்பினார்கள். ஒரு வயிற்றில் பிறந்த மூவரில் ஒருத்தி கடலுக்கு இந்தப் பக்கம், இரண்டு பேர் அந்தப் பக்கம்.

சுபயாலேயைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அவளுக்குப் பிள்ளை இல்லை. அதிகாரமும் இல்லை. அக்காவின் நிழலில் 26 வருஷம் ரத்னகிரியில் இருந்தாள். அக்காவுக்கு மூன்றாவது பிறந்து அடுத்த வருஷமே நாலாவதும் பிறந்தது. நாலும் பெண். முன்பின் தெரியாத ஊர், புரியாத பாஷை. ஒரு பிரசவ வீட்டில் ராணியின் தங்கைக்கு என்னென்ன வேலை இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் என் சின்னம்மாவை நான் பார்த்திருக்கிறேன். என் தம்பி பிறந்தபோது மௌல்மீனிலிருந்து வந்து நாற்பது நாள் இருந்தார். இரவில் அம்மா தூங்க வேண்டுமென்று குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்திருப்பார். கன்னத்தில் காய்ந்த தனாக்கா, அதாவது மரப்பட்டையை அரைத்துப் பூசுகிற சாந்து, தோளில் துணி. அரண்மனைப் படத்தில் இருக்கும் சுபயாலேயின் முகத்தைப் பார்த்தால் எனக்கு அந்த மாடிப்படிதான் ஞாபகம் வரும்.

சுபயாலே 1912-இல் ரத்னகிரியிலேயே இறந்தாள். தீபோ 1916 டிசம்பரில். இரண்டு உடல்களையும் மாண்டலேக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சுபயாலாட் பிடிவாதமாக இருந்தாள். சர்க்கார் விடவில்லை. கடைசியில் அவள் விருப்பத்துக்கு மாறாக 1919-இல் அங்கேயே கல்லறை கட்டி வைத்தார்கள். மன்னருக்கும் சுபயாலேக்கும்தான். அந்த வருஷம்தான் ராணியை ரங்கூனுக்குத் திரும்ப விட்டார்கள். ரங்கூனில் வந்து இறங்கியபோது பெரியவளும் உயிரோடு இல்லை. தாய் 1900-லேயே போய்விட்டாள். ஒருத்தியை ரத்னகிரியில் விட்டுவிட்டு, ஒருத்தியை முகம் பார்க்காமலே இழந்துவிட்டு நடுவுலவள் மட்டும் திரும்பி வந்தாள். 1925-இல் ரங்கூனில் இறந்தாள். ஷ்வேடகோன் பகோடாவுக்குத் தெற்கே அவளுடைய சமாதி இருக்கிறது. வெள்ளைப் பூச்சு. நான் அந்தப் பக்கம் போனால் ஒரு கொத்துப் பூ வைத்துவிட்டு வருவேன். அவளை நல்லவள் என்று நினைத்து வைப்பதில்லை. அக்காவிடம் ஒரு வார்த்தை பேசிவிடலாம் என்று 34 வருஷம் நினைத்திருப்பாளோ என்னவோ, நினைத்திருந்தாலும் முடியாமல் போனது. அந்த ஒரு வார்த்தைக்காக வைக்கிறேன்.

இதை நான் இப்படி எழுதக் காரணம் எங்கள் வீட்டில் இருக்கிறது.

பாட்டியின் பெரியபுள்ள, என் பெரியம்மா, தையலில் கெட்டிக்காரி. அவருக்கென்று தாத்தா ஒரு சிங்கர் கை மெஷின் வாங்கிக் கொடுத்தார். கறுப்பு உடம்பு, தங்க நிறத்தில் பூ, வலது பக்கம் சுற்றுகிற பிடி. கல்யாணத்துக்குப் பிறகும் அதைச் சீர்வரிசையாக எடுத்துக்கொண்டு போனார். பெரியப்பா ஒரு பருப்பு மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். கடைகளை எல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்ட காலம். 1964 மே மாதம் 50 சாட், 100 சாட் நோட்டு செல்லாது என்றார்கள். சாட் என்பது பர்மாப் பணம். மண்டி போனது, வேலை போனது, கையில் இருந்த நோட்டும் போனது. லட்சக்கணக்கான நம்மவர்கள் கப்பலேறிய நேரம் அது. பெரியம்மா 1965-இல் கைக்குழந்தையோடு மதராஸுக்குப் போனார். தாத்தா போக மறுத்துவிட்டார், அம்மாவுக்கு அப்போதுதான் கல்யாணம், சின்னம்மா பள்ளிக்கூடத்தில்.

கப்பலில் என்ன கொண்டுபோகலாம் என்று ஒரு கணக்கு இருந்தது. மெஷின் அந்தக் கணக்கில் வரவில்லை. துறைமுகத்துக்குப் போகிற அன்று காலையில் பெரியம்மா அதை அம்மாவின் மடியில் வைத்து, "வெச்சிரு நடுப்புள்ள. யாராச்சும் ஆள் வந்தா குடுத்தனுப்பு" என்றாராம்.

ஆள் யாரும் வரவில்லை. வந்தவர்களும் இரும்பு மெஷினைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களாக இல்லை. அதற்குள் அப்பாவுக்கு வேலை சரியில்லாமல் போய், அம்மா அந்த மெஷினை வைத்துத்தான் ரவிக்கையும், இங்கே இடுப்பில் கட்டுகிற லோஞ்சியும் தைத்து எங்களைக் காப்பாற்றினார். 1973-இல் பெரியம்மாவிடமிருந்து ஒரு கடிதம். மெஷினை விற்றுவிட்டதாக யாரோ அங்கே போய்ச் சொல்லியிருக்கிறார்கள். 'கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே' என்று ஒரு வரி. அம்மா அந்தக் கடிதத்தைப் பல தடவை படித்தார், பதில் எழுதவில்லை. விற்கவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும். எழுதாததற்குக் காரணம் கோபமா, அக்காவின் பொருளை வைத்துப் பிழைக்கிறோம் என்ற கூச்சமா, எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மாதத்துக்கு ஒரு தடவை எண்ணெய் விடும்போது மட்டும், "அக்கா மெஷின், பாத்துத் தொடு" என்பார். எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர். அக்கா மெஷின். என் அக்கா என்று யாரும் இல்லாததால், சின்ன வயதில் அந்த மெஷினுக்கே அக்கா என்று பெயரென்று நினைத்திருந்தேன்.

அம்மா 2009-இல் இறந்தார். அதுவரை இரண்டு பேரும் சாவுச் செய்திக்கு மட்டும்தான் தபால் போட்டுக்கொண்டார்கள்.

நான் சென்னைக்குப் போனது 2016 டிசம்பரில். வர்தா புயல் அடித்து முடிந்த நேரம், வழியெல்லாம் மரங்கள் சாய்ந்து கிடந்தன. பெரியம்மா வீடு வியாசர்பாடியில், பர்மாவிலிருந்து போனவர்கள் நிறைந்த பகுதி. நான் போனபோது அவர் வீட்டில் இல்லை. எங்கே என்று கேட்டால், பேங்க் வாசலில் வரிசையில் நிற்கிறாராம். நவம்பரில்தான் அங்கே 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்திருந்தார்கள். 75 வயதில் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தவர், என்னைக் கட்டிக்கொண்டு அழவில்லை. திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். "எனக்கு இது ரெண்டாவது தடவை. அங்க ஒருக்கா, இங்க ஒருக்கா" என்றார். அப்புறம் என் கையைப் பிடித்து விரல்களைத் திருப்பிப் பார்த்தார். ஆள்காட்டி விரலில் ஊசி குத்திக் குத்திக் காய்ப்பு ஏறியிருக்கும், தைக்கிறவர்களுக்கு அது தெரியும்.

"தைக்கிறியா?"

"ஆமா பெரியம்மா."

"எதுல?"

"உங்க மெஷின்லதான்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பேரனைக் கூப்பிட்டு, பீச் ஸ்டேஷன் பக்கம் போய் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் வாங்கிக்கொண்டு வரச் சொன்னார். ரங்கூன்காரி வந்திருக்கிறாள் என்று எனக்கு அத்தோ. அவர்கள் அத்தோவில் நாங்கள் போடாத சிவப்பு நிறமும் பூண்டு எண்ணெயும் இருந்தது. ருசி வேறு. ஆனால் புளித்தண்ணீரை மேலே ஊற்றுகிற கை அப்படியே எங்கள் பாட்டியின் கை.

அதே நாட்களில்தான், 1916-இல் தீபோ இறந்து 100 வருஷம் ஆனதற்காக ரத்னகிரியில் நினைவு நாள் நடந்தது. பெரியம்மா வீட்டில் இருந்தபடி அதைப் படித்தேன். சுபயாலாட்டின் நான்கு மகள்களும் அம்மாவின் தலைமுறையைவிட மோசமாகச் சிதறிப்போனவர்கள். முதல் இளவரசிக்கு ரத்னகிரியில் அரண்மனையில் வேலை பார்த்த ஒருவரோடு பிள்ளை பிறந்தது. 1919-இல் தாயோடு ரங்கூனுக்கு வந்தவள், இருக்க முடியாமல் ரத்னகிரிக்கே திரும்பிப் போய் 1947-இல் ஏழ்மையில் இறந்தாள். இரண்டாமவள் தாய்க்குப் பிடிக்காத கல்யாணம் செய்துகொண்டு கலிம்பொங்கில் வாழ்ந்து அங்கேயே 1956-இல் போனாள். மதராஸில் பிறந்த மூன்றாமவள் பர்மாவில். கடைக்குட்டி, எங்கள் சொத்தைத் திருப்பிக் கொடு என்று வெள்ளைக்கார சர்க்காரிடமே கேட்டவள். அவளை ரங்கூனில் இருக்க விடாமல் மௌல்மீனுக்கு அனுப்பிவிட்டார்கள், 1936-இல் அங்கே இறந்தாள். என் சின்னம்மா இருக்கிற அதே மௌல்மீன்.

நூறாவது ஆண்டு நினைவு நாளுக்குப் பர்மாவிலிருந்து போனவர்கள் அந்தக் கடைசி மகளின் வழியில் வந்தவர்கள். ரத்னகிரியில் அவர்களைப் பார்க்க வந்தவர்கள் மூத்த மகளின் வழியில் வந்தவர்கள். மராத்தி பேசுகிறவர்கள். அக்கா தங்கையின் பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரப்பிள்ளைகள், ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. அன்றிரவு வியாசர்பாடியில் சின்னம்மாவின் பேத்தியோடு வீடியோவில் பேசினோம். அவளுக்குப் பர்மிய மொழிதான் வாயில் வருகிறது, தமிழ் கேட்டால் புரியும், பேச வராது. பெரியம்மாவின் பேரன் பேசுவது அசல் சென்னைத் தமிழ். நடுவில் நான் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெரியம்மா என்னைத் தள்ளிவிட்டு அந்தப் பிள்ளையிடம் நேராகப் பர்மிய மொழியில் பேசினார். 51 வருஷம் கழித்து. "தமின் சா பிபிலா" என்றார். சாப்பிட்டாயா என்று. அதற்குமேல் வார்த்தை வரவில்லை.

கிளம்புகிற அன்று பெரியம்மா ஒன்றே ஒன்று கேட்டார். மெஷினைத் திருப்பிக் கொடு என்பார் என்று நினைத்துப் பயந்திருந்தேன், கொடுத்துவிடத் தயாராகவும் இருந்தேன். "ஊருக்குப் போனதும் அது ஓடுற சத்தத்தைப் போன்ல புடிச்சு அனுப்பு" என்றார்.

ரங்கூனுக்கு வந்த மறுநாள் காலையில், தெருவில் சத்தம் வருவதற்கு முன்னால், ஒரு பழைய லோஞ்சித் துணியை வைத்து நேர்த்தையல் ஓட்டினேன். இடது கையால் துணியைத் தள்ளி, வலது கையால் பிடியைச் சுற்றி. ஒரு நிமிஷம் வரும். பேரனின் போனுக்கு அனுப்பினேன். சாயங்காலம் பதில் வந்தது, பெரியம்மாவின் குரலில்.

"கேட்டேன். பாபின் பக்கம் காய்ஞ்சு கெடக்கு. எண்ணெய் விடுடி."

கீழ்த் தகட்டை நகர்த்திப் பார்த்தேன். அடிநூல் சுற்றி வைக்கிற பாபின் கூட்டில் பஞ்சும் நூல் துணுக்கும் அடைத்து, இரும்பு வறண்டுதான் கிடந்தது. அம்மா போனதிலிருந்து அந்த இடத்தை நான் திறக்கவே இல்லை. பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால் துடைத்துவிட்டு, மூன்று சொட்டு விட்டேன்.